கூலஞ்சேர் எறும்பின் தாயும் அவள் பறக்கும் பொழுதும்

எறும்பு தானியத்தைச் சேர்த்து வைக்கும் என்பதை மாந்தர் அறிந்தது மிகப் பழங்காலத்தில். அவ்வெறும்புக் குடிக்குத் தாய் ஒருத்தி உண்டு என்பதையும், அவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொழுதில் வானில் எழுந்து பின் என்றென்றைக்கும் மண்ணுள் மறைகின்றாள் என்பதையும் அறிந்தது மிக அண்மையில். களஞ்சியத்தைக் கண்ட கண்களுக்குத் தாய் புலப்படாமல் நின்றது எங்ஙனம்? தாயை அடையாளங் கண்ட நாட்டார் களஞ்சியத்தையே இல்லை என மறுத்தது எதனால்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுகின்றோம். பூச்சிநூல் பற்றிய செய்திக்குத் தமிழாராய்ச்சி இதழில் இடம் என்னை என்று வினவுவார் இருக்கலாம். பழம் புலவர் ஒருவர் இயற்கையைப் பற்றிக் கூறிய கூற்றை எந்த அளவில் நம்பலாம் என்பது நம் துறையில் நாள்தோறும் எழும் வினா. எறும்பின் வரலாறு அவ்வினாவுக்கு நல்லதொரு சான்று ஆதலின் இங்கே இடம் பெறுகின்றது.

முதற்கண் பெயர் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தார் இவ்வகை எறும்புகளை 'அறுவடை எறும்பு' என்பர். இவற்றுட் பல, செடியினின்று உதிர்ந்த விதைகளைப் பொறுக்குவனவேயன்றிக் கதிரை அறுப்பன அல்ல. ஆதலின் 'கூலஞ்சேர் எறும்பு' என வழங்குதலே பொருந்தும் என்று கருதுகின்றோம். நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் மெஸ்ஸர் என்னும் இனமும், வட அமெரிக்காவின் பாலை நிலங்களில் பொகொனோமிர்மெக்ஸ் என்னும் இனமும் இத்தொழிலில் தலைசிறந்தவை. நம் தென்னாட்டிலும் ட்ரைகோமிர்மெக்ஸ் ஸ்காப்ரிசெப்ஸ், பெய்டோலே ப்ராவிடென்ஸ் முதலியன விதை சேர்க்கின்றன. இவையெல்லாம் ஒரே கால்வழியிற் பிறந்த உறவினம் என எண்ணற்க. வறண்ட நிலத்தில் உணவு ஒரு பருவத்தில் மிகுந்தும் மறு பருவத்தில் அருகியும் வருதலால், வெவ்வேறு கால்வழியினவாகிய எறும்புகள் தனித்தனியே இவ்வழக்கத்தை மேற்கொண்டன.

பண்டை எபிரேயரின் நீதிமொழி நூல், சோம்பனை நோக்கி எறும்பினிடம் சென்று கற்குமாறு பணிக்கின்றது. தலைவனும் மேற்பார்ப்பானும் அரசனும் இன்றியே அது கோடையில் தன் உணவைத் தேடி அறுப்புக் காலத்தில் ஈட்டுகின்றது என்பது அந்நூற் கருத்து. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூதர் சட்டத் தொகுப்போ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. வயலில் எறும்பு வளையினுட் காணப்படும் தானியம் யாருக்கு உரியது என்பதற்கு அது விதி வகுக்கின்றது. கதிர் நிற்குங்கால் அது நிலக்கிழாருக்கு உரியது. அறுவடை முடிந்த பின்னரோ மேலே கிடப்பது ஏழைகளுக்கும் அடியிற் கிடப்பது கிழாருக்கும் உரியது என்பது அவ்விதி. ஐயப்பாட்டில் ஏழைக்கே முழுதும் கொடுக்க என உரைத்த ஆசிரியரும் அதனுள் உளர். வழக்கிட்டுப் பங்கிடும் அளவுக்கு எறும்பு வளையில் தானியம் கிடந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? கவிஞர் மிகுத்துக் கூறுவர் என்பது உண்மையே. சட்டம் வகுப்போர் இல்லாத பொருளுக்குப் பங்கு வகுப்பதில்லை.

உரோமர் பிளினி (இறப்பு கி.பி. 79) தம் இயற்கை நூலின் பதினோராம் பகுதியில், எறும்பு விதை முளையாதவாறு அதனைக் கடித்து வைக்கும் என்றும், மழையில் நனைந்தவற்றை வெளியே கொணர்ந்து உலர்த்தும் என்றும் குறித்துள்ளார். கூலஞ்சேர் எறும்பின் தொழில் பற்றி முன்னோர் அறிந்தது இத்துணைத் தெளிவுடையது.

ஆயின் தாயைப் பற்றி அவர்கள் ஒன்றும் கூறிற்றிலர். அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தம் நூலில், கூடி வாழும் உயிர்களுள் கொக்கும் தேனீயும் தலைமையின்கீழ் வாழ்வன என்றும் எறும்பு தலைவன் அற்றது என்றும் பிரித்தார். எபிரேய நூலும் கிரேக்க நூலும் ஒன்றையொன்று அறியாமலே இதில் ஒத்து நிற்றல் நோக்கத்தக்கது. காரணம் எளியது. தேன்கூட்டைத் தேனுக்காகப் பிரித்தோர் அதனுட் பெரிய ஈ ஒன்றைக் கண்டே தீர்வர். எறும்பின் தாயோ ஆழ்ந்த அறையில், ஒளி புகா இடத்தில், ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் வாழ்கின்றாள். அவளை ஒருவர் மேற்பரப்பிற் காணும் வாய்ப்பு அவள் பறக்கும் நாளில் மட்டுமே உண்டு. அந்நாளில் அவள் சிறகுடன் தோன்றுகின்றாள். சிறகுள்ள அவ்வுயிரை எறும்பின் தாய் என யார் கருதுவர்? 'பறக்கும் எறும்பு' என வேறொன்றாக எண்ணிவிடுதலே இயல்பு. தனக்குக் கேடு வருவதற்கே எறும்புக்குச் சிறகு முளைத்தது எனப் பொருள்படும் பழமொழி ஒன்று ஸ்பெயின் நாட்டில் வழங்கியது. 1615இல் வெளிவந்த தொன் கிகோத்தேயின் இரண்டாம் பகுதியில் செர்வாந்தெஸ் அதனைச் சாங்கோவின் வாயில் வைத்துள்ளார். ஸ்பெயின் மெஸ்ஸர் பார்பரஸ் என்னும் பெரிய கூலஞ்சேர் எறும்பு மலிந்த நாடு. அப்பழமொழி ஆண் எறும்பைப் பொறுத்தவரை முற்றும் உண்மை: புணர்ச்சி முடிந்ததும் அது விரைவில் மடிகின்றது. பெண்ணுக்கோ அது குடியின் தொடக்கம்.

நம் நாட்டு நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தொல்காப்பியர் மரபியலில் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராக ஒருங்கே வைத்தார். பெயரால் இரண்டையும் வேறுபடுத்தவும் செய்தார். சிதல் என்பது கறையான். அதன் சிறகுடைய பருவமே ஈசல். மழை விட்ட மாலையில் விளக்கைச் சூழும் ஈசலும், அதே மழைக்குப் பின் வளையினின்று எழும் சிறகெறும்பும் பொதுமக்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. இவை தம்முள் மிகவும் சேய்மையான இனங்கள். கறையான் கரப்பான் பூச்சிக்கு உறவு. எறும்போ குளவிக்கும் தேனீக்கும் உறவு. ஈசலுக்கு நான்கு சிறகும் ஒத்த நீளமுடையன. சிறகெறும்புக்கு முன்சிறகு நீண்டும் பின்சிறகு குறுகியும் இருக்கும். ஈசலின் இடை பருத்திருக்கும். எறும்பின் இடை நூல்போல் ஒடுங்கியிருக்கும். எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேரே நிற்கும். வாழ்க்கையிலும் வேறுபாடு பெரிது. ஈசலின் ஆணும் பெண்ணும் சிறகுதிர்த்து நிலத்தில் இணையாகத் திரிந்து, புற்றினுள் இருவரும் வாழ்நாள் முழுதும் உடனுறைவர். ஆகவே சிதலுக்கு அரசனும் உண்டு, அரசியும் உண்டு. எறும்புக் குடியிலோ தந்தை ஒருபோதும் உடனிருப்பதில்லை.

எறும்புக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைத் தமிழர் நுட்பமாகக் கண்டனர் என்பதற்குப் புறநானூற்றின் 173ஆம் பாட்டே போதும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் சிறுகுடி கிழான் பண்ணனைப் பாடியது அது. சோறு பெற்றுக் கையில் ஏந்திச் செல்லும் சிறுவரின் வரிசைக்கு, மழை வருவதறிந்து முட்டையுடன் மேட்டு நிலம் சேரும் சிற்றெறும்பின் ஒழுக்கு ஆண்டு உவமையாகின்றது. இப்பாட்டைப் பாடஞ் சொல்லுங்கால் மாணவர் சிலர் எம்மை வினவியது உண்டு: எறும்பு வாயில் ஏந்திச் செல்வது முட்டைதானா? கண்ணுக்கு நன்கு புலப்படும் அவ்வெண்மணிகளுட் பெரும்பாலன முட்டை அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. உண்மை முட்டை மிகச் சிறியது. இதனை ஐரோப்பியர் தெளிந்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், லீவன்ஹூக் உருப்பெருக்கி கொண்டு நோக்கிய பின்னரே. அவர்கள் நாட்டிலும் பறவைக்கு இரையாக விற்கப்பட்ட கூட்டுப்புழுக்களுக்கு 'எறும்பு முட்டை' என்றே பெயர். ஆகவே கிள்ளிவளவன் சொல்லில் பிழை காணுதல் பொருந்தாது. இச்சிறு செய்தியை மனத்திற் கொள்க. பின்னர் இதற்குப் பயன் உண்டு.

இனி ஐரோப்பாவில் தாய் அடையாளங் காணப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். தேனீயின் 'அரசன்' பெண்ணே என்பதை இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் 1609இல் நூலெழுதி நிறுவ முயன்றார். ஆலந்து நாட்டு ஸ்வாமர்டாம் அதன் உடலைப் பிளந்து கருப்பையைக் காட்டினார். அவர் எறும்பையும் ஆராய்ந்தவர், 1680இல் இறந்தார், அவர்தம் பெருநூல் 1737–38இல்தான் அச்சேறியது. அதன்பின் வந்தவர் வில்லியம் கூல்ட் என்னும் ஆங்கிலச் சமயகுரவர். அவர் 1747இல் இங்கிலாந்து எறும்புகளைப் பற்றி வெளியிட்ட சிறு நூல், எறும்பு ஒன்றையே பொருளாகக் கொண்ட தொடக்க நூல்களுள் ஒன்று. சிறகுடையவற்றுள் பெரியன பெண், சிறியன ஆண் என்றும், பெரியவை பின்னர்ச் சிறகிழந்து தாயாகின்றன என்றும் அவர் கண்டார். 'பறக்கும் எறும்பு' என்ற வேற்றுயிர் அன்றே மறைந்தது. சிறகுள்ளவளும் சிறகற்றவளும் ஒருத்தியே ஆயினர்.

ஜெனீவா நகரத்துப் பியேர் ஹூபர், பார்வையிழந்தும் தேனீ ஆராய்ச்சியிற் புகழ் பெற்ற பிரான்சுவா ஹூபரின் மகன். அவர் 1810இல் வெளியிட்ட நூலில், பெண்ணெறும்பின் சிறகு தானே உதிர்வதன்று, புணர்ச்சிக்குப்பின் அவளே அதனை முறுக்கி அகற்றுகின்றாள் என்று கண்டு கூறினார். தன் சிறகைத் தானே களையும் அச்செயல் மணமான மகளிர் அணிமாற்றம் போன்றது எனச் சிலர் வருணிப்பர்; யாம் அவ்வருணனையுள் புகவில்லை. அகற்றிய சிறகின் தழும்பு அவள் தோள்மீது வாழ்நாள் முழுதும் நிற்கும் என்பதே எமக்கு வேண்டுவது. அதுவே தாயை அறியும் தலையாய குறி.

அக்குறிகளை ஈண்டுத் தொகுத்துரைத்தல் தகும். கூலஞ்சேர் எறும்புகளில் இது மிக வேண்டப்படுவது. ஏனெனில் மெஸ்ஸர் இனத்தில் தொழிலெறும்புகளே பல அளவின. விதையை உடைக்கும் பெரிய தொழிலாளியின் தலை மிகப் பருத்திருத்தலின், அதனையே அரசி எனக் கொள்வார் இன்றும் பலர். உடலின் பெருமை கொண்டு முடிவு செய்தல் ஆகாது. மார்பை நோக்குதல் வேண்டும். தொழிலெறும்பின் மார்பு ஒடுங்கியது, தலைக்குக் கழுத்துப் போலத் தோன்றுவது. தாயின் மார்பு பறக்கும் தசைகளைத் தாங்கியதாதலின் தலையளவு அகன்று, மேலே திரண்டு, பல தகடுகளாகப் பிரிந்திருக்கும்; இருபுறத்தும் சிறகின் அடித்தழும்பு காணப்படும். அவள் உச்சியில் முக்கோணமாக மூன்று சிறு கண்கள் உண்டு. மெஸ்ஸரின் தொழிலாளிக்கு எத்துணைப் பெரிய தலையாயினும் அவை இல்லை. வயிறு நீண்டு பருத்திருக்கும். ஆணுக்கும் சிறகும் உச்சிக் கண்களும் உண்டாயினும், அதன் தலை சிறுத்தும் தாடை மெலிந்தும் உடல் ஒல்கியும் இருக்கும்.

இங்ஙனம் தாய் அடையாளங் காணப்பட்ட அதே காலத்தில்தான் களஞ்சியம் பொய்யெனத் தள்ளப்பட்டது. லத்ரேய் 1802இல் எழுதிய எறும்பு நூலிலும், ஹூபர் தம் நூலிலும், எறும்பு தானியம் சேர்ப்பதில்லை என்றே கொண்டனர். அவர்கள் பிரான்சின் உள்நாட்டிலும் சுவிட்சர்லாந்திலும் கண்ட எறும்புகள் உண்மையில் தானியம் சேர்ப்பன அல்ல. குளிரில் உறங்கிக் கிடப்பன. அங்ஙனமாயின் முன்னோர் கண்டது யாது? கோதுமை மணி போன்ற கூட்டுப்புழுவை எறும்பு சுமந்து செல்லக் கண்டு, அதனைத் தானியம் என மயங்கினர் என்பதே வடநாட்டார் தந்த விளக்கம். கேட்போர்க்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் விளக்கமே இது. ஆனால் வடநாட்டு எறும்புகள் பலவற்றின் கூட்டுப்புழுதான் பட்டுறை போர்த்து மணிபோல் தோன்றுவது. கூலஞ்சேர் எறும்பு சார்ந்த பிரிவின் கூட்டுப்புழுவுக்கு அவ்வுறையே இல்லை. கால்களும் உணர்கொம்பும் மடிந்து கிடக்கும் வெற்றுடலாய்க் காட்சி தரும். அதனைக் கோதுமை மணி என மயங்குதல் அரிது. தம் நாட்டு எறும்பின் வடிவத்தைத் தென்னாட்டு எறும்பின்மேல் ஏற்றி, அதன் வழியே முன்னோரைப் பிழைபட்டோர் ஆக்கினர் அவர். கர்பியும் ஸ்பென்சும் மட்டும் 1815 முதல் வெளிவந்த தம் பூச்சிநூலில், அயல்நாட்டு எறும்புகளின் ஒழுக்கம் நன்கு ஆராயப்படும் வரை எவ்வெறும்பும் சேமிப்பதில்லை எனத் துணிந்து கூறல் ஆகாது என அடங்கிய குரலில் எச்சரித்தனர். அறிஞர்க்குரிய அடக்கம் அது.

அயல்நாட்டுச் சான்று இந்தியாவினின்றே போந்தது. பம்பாய் அரசின் புள்ளிவிவர அலுவலராய் இருந்த சைக்ஸ் என்னும் படைத்தலைவர், 1829ஆம் ஆண்டு சூன் திங்களில் பூனாவில் படைப்பயிற்சித் திடலருகே காலையில் உலவுங்கால், பயிரிடாத நிலத்தில் கைப்பிடி அளவாகப் புல்விதைக் குவியல்கள் பல கிடக்கக் கண்டார். நூற்றுக்கணக்கான எறும்புகள் உள்ளிருந்து விதையைச் சுமந்து வந்து வெயிலிற் பரப்பின. மழைக்காலத் தொடக்கத்தில் நனைந்துபோன சேமிப்பை உலர்த்தும் செயல் அது. அவ்வாண்டு அக்டோபரிலும் இடிமழைக்குப் பின் அதனையே மீண்டும் கண்டு தெளிந்தார். 1835இல் அவ்வெறும்புக்கு 'முன்னறிவுடையது' எனப் பொருள்படும் பெயரை இட்டார். முற்கூறிய பெய்டோலே ப்ராவிடென்ஸ் அதுவே. சென்னைப் படையின் மருத்துவராகிய ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851இல் சென்னையினின்று வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழில் எழுதினார். சைக்சின் கூற்றுக்கு அவரும் சான்று பகர்ந்தார். பிளினி எழுதியதும் பூனாவில் நிகழ்ந்ததும் ஒன்றே எனக் கண்டோர் இலண்டனில் அந்நாளிற் சிலரே ஆவர்.

வழக்கை முடித்து வைத்தவர் ஜான் டிராகர்ன் மோக்ரிட்ஜ். 1842இற் பிறந்த அவர் நுரையீரல் நோயினராய், குளிர்காலங்களைப் பிரான்சின் தென்கரையிலுள்ள மென்தோன் நகரிற் கழித்தார். அவர் செடிநூல் வல்லவர். அப்பகுதிச் செடிகொடிகளைப் பற்றிப் படங்களுடன் நூல் இயற்றியவர். ஆதலின் எறும்பு வளையை அகழ்ந்து களஞ்சியத்தைத் திறந்தபோது, அதனுட் கிடந்த விதை ஒவ்வொன்றும் எச்செடியினது என அவரால் கூற முடிந்தது. பூச்சி வல்லுநர் பலர்க்கும் இயலாதிருந்தது இதுவே. ஈர மண்ணுட் கிடந்தும் விதைகள் முளையாதிருத்தலையும், அவற்றையே எடுத்து விதைத்தால் முளைத்தலையும் அவர் சோதித்து அறிந்தார். முளைவிடத் தொடங்கியவற்றின் வேர்முனையை எறும்பு கடித்து நீக்கி வெயிலில் உலர்த்துதலையும் கண்டார். 1873இல் அவர் நூல் இலண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டு ஒரு பின்னிணைப்பும் வந்தது. அதே 1874இல், 32ஆம் அகவையில், மென்தோனிலேயே இறந்தார். ஈராயிரம் ஆண்டுக்காலச் சான்று ஒன்றின்மேல் வீழ்ந்த பழியை நோயாளி ஒருவர் ஒரு சில குளிர்காலங்களில் துடைத்தார். நூல்களின் மீது நூல்களை அடுக்கியோர்க்கு வராத அப்பேறு, அகழ்ந்து நோக்கியவர்க்கு வந்தது.

இதனால் கண்ணாற் கண்டார் கூற்றெல்லாம் மெய் எனக் கொள்ளுதலும் கூடாது. டெக்சாசு நாட்டு மருத்துவர் கிதியன் லின்சிக்கம், தம் நாட்டுக் கூலஞ்சேர் எறும்பு வளையைச் சுற்றி ஒருவகைப் புல்லைத் தானே விதைத்து, களைபறித்து, அறுத்துச் சேமிக்கின்றது என்று எழுதினார். 1861இல் இலண்டன் லின்னேயக் கழகத்தில் அதனை முன்வைத்தவர் டார்வினே. லின்சிக்கம் அவ்வெறும்புகளைப் பன்னாள் கண்டவர். அவர் கண்ட புல்லும் மெய்யே. முளைத்துப் பயனற்றுப்போன விதைகளை எறும்பு வளையின் புறத்தே குப்பையிற் போடுகின்றது, அவையே வளர்ந்து வட்டமாகின்றன எனப் பின்னர் வீலர் விளக்கினார். எபிரேயரும் பிளினியும் நம்பப்படாமற் போக, லின்சிக்கத்தின் உழவெறும்பு உலகெங்கும் பரவியது; பள்ளிப் பாடங்களிலும் ஏறியது. காட்சி வேறு, காட்சியின் காரணம் வேறு. முன்னதைக் கூறிய பழையோர் மெய்யர். பின்னதைத் தாமே இட்டு நிரப்பிய புதியோர் பிழைத்தனர்.

இனிப் பறக்கும் பொழுது. தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என வகுத்து, பொழுதைப் பெரும்பொழுது சிறுபொழுது எனப் பகுத்தமை நாம் அறிந்ததே. எறும்பின் மணப்பறப்பை விளக்க இதனினும் ஏற்ற கருவி யாம் கண்டிலோம். நிலம் மாறின் பெரும்பொழுது மாறுகின்றது. ஒரே நிலத்தில் இனம் மாறின் சிறுபொழுது மாறுகின்றது.

வட ஐரோப்பாவில் மிகப் பரந்த கருந்தோட்ட எறும்பு சூலை, ஆகத்து மாதங்களின் புழுக்கமான பிற்பகல்களிற் பறக்கும். எறும்பு நடுக்கோடையில் மணம் கொள்ளும் என்ற பொது எண்ணம் அங்கே எழுந்தது இதனால். அவ்விதியைக் கைக்கொண்டு ஸ்பெயினுக்குச் செல்பவர் ஏமாறுவர். நடுக்கோடையில் அந்நிலம் பாறையாய் இறுகிக் கிடக்கும். தனியொரு பெண் அதனை அகழ்தல் இயலாது. ஆகவே மெஸ்ஸர் பார்பரஸ் கோடை கழிந்து இலையுதிர் காலத்து முதல் மழைக்குப் பின் பறக்கின்றது. மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர் எனப்பட்ட மற்றொன்றோ இளவேனிலிற் பறப்பது. ஒரே நாட்டில், ஒரே உணவை உண்டு வாழும் இரண்டினத்தின் தாயர் ஆண்டின் இரு கோடியில் எழுகின்றனர். மண்ணின் ஈரம் ஒன்றே இரண்டுக்கும் பொது.

அமெரிக்கப் பாலையில் மழை சூலை, ஆகத்துத் திங்களில் வருகின்றது. ஆண்டுப் பெரும்பொழுது அதுவே. சிறுபொழுதின் வேறுபாட்டை ஆண்டு விளங்கக் காட்டியவர் பெர்ட் ஹோல்டாப்ளர். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் சேரும் எல்லையில் அவர் ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே பகுதியில் வாழும் நான்கு பொகொனோமிர்மெக்ஸ் இனங்கள் பகலைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளுதல் புலனாகின்றது. மாரிகோப்பா, டெசர்ட்டோரம் என்னும் இரண்டும் முற்பகலிலும் நண்பகலை ஒட்டியும் கூடுகின்றன. பார்பேட்டஸ் பிற்பகலில் எழுகின்றது. ருகோசஸ் அதற்குச் சிறிது பிந்தி, வெயில் சாயும் பொழுதில் எழுகின்றது. ஆண்கள் முன்னரே சென்று ஓரிடத்திற் குழுமி மணத்தால் பெண்களை அழைக்கின்றன. ஓர் ஆண்டில் குழுமிய இடத்திலேயே மறு ஆண்டும் குழுமுகின்றன. முன்னைய ஆண்டு வந்த ஆண்களுள் ஒன்றும் உயிரோடில்லை என்பதை நினைப்பின் இது வியப்பைத் தருவது. பெண் பல ஆண்களோடு கூடுகின்றாள். போதுமென்ற நிலையில் இடையை உராய்ந்து ஒலி எழுப்புகின்றாள். அவ்வொலி 'விடுக' எனும் குறிப்பு என்பதை 1977இல் மார்க்கலும் ஹோல்டாப்ளரும் உடன் ஆராய்ந்தோரும் காட்டினர்.

அதன்பின் அவள் சிறகைக் களைந்து, ஈர மண்ணை அகழ்ந்து, பார்பேட்டசைப் போன்ற இனங்களில் வாயிலையும் அடைத்துக்கொள்கின்றாள். உண்ணாது கிடந்து முதற் குஞ்சுகளை வளர்க்க அவளுக்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது? இனி வேண்டாத பறக்கும் தசைகள் கரைந்து உணவாகின்றன எனச் சார்ல் ழானே 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். அகன்ற மார்பினுள்ளே அமைந்த அத்தசையே முதல் மக்களுக்குத் தாய்ப்பாலாகின்றது. அன்று பெற்ற விந்தைச் சேமித்து வைத்தே இருபது ஆண்டளவும் அவள் முட்டையிடக் கூடும். களஞ்சியம் வைக்கும் குடியின் முதற் களஞ்சியம் தாயின் உடலே எனலாம்.

பறக்கும் பொழுது அத்துணை நுட்பமாக வகுக்கப்பட்டிருப்பினும் இனங்கள் கலத்தலும் உண்டு. பார்பேட்டஸ், ருகோசஸ் இரண்டின் பொழுதும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றது. 2002இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் அமெரிக்கத் தென்மேற்கில் இவற்றின் சில மக்கட்குழுக்களில் புதுமை ஒன்றைக் கண்டன. ஆண்டு இரு கால்வழிகள் உடன் வாழ்கின்றன. தன் வழி ஆணோடு கூடிப் பெறுவது அரசி. பிற வழி ஆணோடு கூடிப் பெறுவது தொழிலாளி. இருவழி ஆணையும் கூடாத தாய் குடியை நிறுவ இயலாது. இவ்வழிகள் அவ்விரு இனங்களின் பழங்கலப்பினின்று தோன்றியவை என்பதும் 2003இல் காட்டப்பட்டது.

மோக்ரிட்ஜ் ஆராய்ந்த மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர் என்னும் பெயரும் ஒரே இனத்தைக் குறிப்பதன்று. 2018இல் அதனை ஐந்து இனங்களாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று மெஸ்ஸர் ஐபெரிகஸ். 2025இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை அதன் தாயைப் பற்றியது. ஐபெரிகஸ் தாய் தன் இனத்து ஆணையும் பெறுகின்றாள், ஸ்ட்ரக்டர் இனத்து ஆணையும் பெறுகின்றாள். இவ்விரண்டும் பிரிந்து 50 இலட்சம் ஆண்டுக்கு மேலாயிற்று. ஸ்ட்ரக்டர் விந்தினாலன்றி அவளுக்குத் தொழிலாளர் பிறப்பதில்லை. தொழிலாளர் அனைவரும் கலப்பே. சிசிலித் தீவில் ஐபெரிகஸ் வாழ்கின்றது; மிக அண்மையிலுள்ள ஸ்ட்ரக்டர் குடியோ 1000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆயினும் அத்தீவிலும் அவள் தன் வயிற்றிலிருந்தே ஸ்ட்ரக்டர் ஆணைப் பெற்றுக்கொள்கின்றாள். ஒரு வளையினின்று இளவேனிலில் எழும் ஆண்களுள் மயிரடர்ந்தது ஐபெரிகஸ் எனவும், ஏறத்தாழ மயிரற்றது ஸ்ட்ரக்டர் எனவும் இன்று அறியப்படுகின்றது.